வரும், தெரியும், இயலும்: ஆங்கிலத்திலே ஆற்றலை உரைக்குமாறு

ஆங்கில வகுப்பிலே ஆசிரியர் வினா ஒன்றை விடுக்கின்றார். மாணவன் எழுந்து நிற்கின்றான். விடை அவன் நெஞ்சில் இருக்கின்றது, நாவில் இல்லை. சிறிது நேரம் தயங்கிய பின் அமர்ந்து, அருகிலிருப்பவனிடம், "எனக்கு இங்கிலிஷ் வராது" என்று மெல்லக் கூறுகின்றான். இக்காட்சி நம் வகுப்பறைகளுக்குப் புதியதன்று. ஆசிரியரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆயின் அம்மாணவன் தன்னைப் பற்றித் தானே அளித்த தீர்ப்பு அது. மேன்முறையீடு இல்லாத தீர்ப்பாகவும் அது பெரும்பாலும் நின்றுவிடுகின்றது.

அவ்வாக்கியத்தின் பயனிலை "வராது" என்பது. அவன் "தெரியாது" என்றானில்லை, "இயலாது" என்றானில்லை, "வராது" என்றான். இம்மூன்றும் ஒன்றல்ல. மனிதன் தன் ஆற்றலைத் தமிழில் எவ்வாறு சொல்கின்றான், அதனையே ஆங்கிலத்தில் எவ்வாறு சொல்லுதல் வேண்டும், அங்ஙனம் சொல்லுமிடத்து நாம் வழுவும் இடங்கள் எவை என்பனவற்றை ஆராய்ந்து, இறுதியில் அம்மாணவனுடைய "வராது" என்னும் சொல் பொருந்துமா என்பதனையும் ஈண்டு நோக்குவாம்.

தமிழின் மூன்று வினைகள்

நாம் நாளும் வழங்கும் தமிழிலே ஒருவரது ஆற்றலைக் குறித்தற்குச் சிறப்பாக மூன்று வினைகள் உள. "அவளுக்குப் பாட்டு வரும்" என்கின்றோம். "அவனுக்கு நீந்தத் தெரியும்" என்கின்றோம். "அவரால் அந்த மூடையைத் தூக்க இயலும்" என்கின்றோம். இறுதியிற் கூறியது நம் பேச்சு வழக்கில் "ஏலும்" எனவும், எதிர்மறையில் "ஏலாது" எனவும் மருவி வழங்கும். தமிழகத்தார் அவ்விடத்து "முடியும்" என்பர்.

"பாட்டு வரும்" என்னும் வாக்கியத்தில் எழுவாய் பாட்டு, பாடுகின்றவள் அன்று. பாட்டுத் தானாகவே அவளிடம் வருகின்றது. அவள் அதனைப் பெற்றுக்கொள்ளும் இடமாக நிற்கின்றாள். எனவே, முயற்சியைக் காட்டிலும் இயல்பிலே அமைந்த பேற்றையே இவ்வினை நினைவூட்டுகின்றது. "நீந்தத் தெரியும்" என்பதோ கற்றலைச் சுட்டுகின்றது. ஒருகாலத்தில் தெரியாதிருந்தான், பின்னர்த் தெரிந்துகொண்டான் என்பது அதனுள் அடங்கியிருக்கின்றது. "தூக்க இயலும்" என்பது உடல்வலி, காலம், வாய்ப்பு, சூழ்நிலை என்பனவற்றைப் பொறுத்தது.

இவ்வேறுபாட்டை உணர்தற்கு ஓர் எளிய சோதனை உண்டு. நன்றாக நீந்துபவன் ஒருவனுடைய கை முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "நீந்துவாயா?" என்று கேட்டால், "நீந்தத் தெரியும், ஆனால் இப்பொழுது ஏலாது" என்று அவன் விடை பகர்வான். தெரிதலும் இயலுதலும் வெவ்வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இலக்கணம் கற்றறியாத சிறு பிள்ளையும் இவ்விரண்டையும் மயங்கக் கூறுவதில்லை.

இம்மூன்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்றும் உண்டு. ஆற்றலுடைய ஆள் எவ்விடத்தும் எழுவாயாக நிற்பதில்லை. "எனக்கு வரும்", "எனக்குத் தெரியும்" என நான்காம் வேற்றுமையிலோ, "என்னால் இயலும்" என மூன்றாம் வேற்றுமையிலோதான் ஆள் நிற்கும். ஆங்கிலத்திற் புகும்பொழுது நாம் கடக்கவேண்டிய முதற் படி இதுவே.

"கான்" என்னும் துணைவினை

மேற்கூறிய மூன்று வினைகளின் தொழிலையும் ஆங்கிலத்திலே பெரும்பாலும் "கான்" என்னும் ஒரு துணைவினையே செய்கின்றது. பாட்டு வருபவளைக் குறித்து "ஷீ கான் சிங்" என்பர். நீந்தத் தெரிந்தவனைக் குறித்து "ஹீ கான் சுவிம்" என்பர். மூடையைத் தூக்க இயன்றவனைக் குறித்து "ஹீ கான் லிஃப்ற் இற்" என்பர். மூன்றிடத்தும் ஆளே எழுவாய். மூன்றிடத்தும் வினை ஒன்றே.

ஆங்கிலம் தொன்றுதொட்டு இவ்வாறிருந்ததன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் "கான்" என்பதற்கு "அறிவேன்" என்பதே பொருள். அறிதலைக் குறிக்கும் "நோ" என்னும் ஆங்கில வினையும், வடமொழியிலுள்ள "ஞா" என்னும் வினையடியும், அதன்வழி நாம் வழங்கும் "ஞானம்" என்னும் சொல்லும் இதனோடு ஒரு வேரிற் பிறந்தவை என்பது மொழிநூலார் கண்ட முடிபு. வலியும் இயலுதலும் குறித்தற்குப் பழைய ஆங்கிலத்தில் வேறொரு வினை இருந்தது. அதுவே இன்று "மே" என வழங்குகின்றது. வலிமையைக் குறிக்கும் "மைற்" என்னும் பெயர் அதற்கு உறவு. ஆகவே, அக்காலத்து ஆங்கிலேயன் நம்மைப் போலவே தெரிதலையும் இயலுதலையும் வேறுபடுத்திப் பேசினான். காலப்போக்கில் "மே" என்பது அனுமதிக்கும் ஐயத்துக்கும் உரியதாயிற்று. "கான்" இரண்டு சுமைகளையும் தானே ஏற்றுக்கொண்டது.

இதனை உணராமையால் நம் மாணவரிடத்து நிகழும் பிழைகள் சிலவற்றைக் காண்பாம்.

முதலாவது, "தெரியும்" என்பதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல். "எனக்கு நீந்தத் தெரியும்" என்பதனை "ஐ நோ ரு சுவிம்" என்று கூறுவோர் பலர். ஆங்கில வழக்கில் அது பொருந்தாது. "ஐ கான் சுவிம்" என்றாவது, "ஐ நோ ஹவ் ரு சுவிம்" என்றாவது கூறுதல் வேண்டும். "எவ்வாறு" எனப் பொருள்படும் "ஹவ்" என்னும் சொல் இடையே வாராதவிடத்து வாக்கியம் ஊனமுறும்.

இரண்டாவது, "கான்" என்பதனை ஏனைய வினைகளைப் போல நடத்துதல். அதன் பின் "ரு" என்னும் சொல் வாராது. எதிர்காலங் காட்டும் "வில்" என்பது அதன் முன் நில்லாது. "அடுத்த ஆண்டு எனக்கு இயலும்" என்று கூறக் கருதுவோன் "ஐ வில் பீ ஏபிள் ரு" எனத் தொடங்குதல் வேண்டும். "கான்" என்பது செல்லமாட்டாத இடங்களுக்கெல்லாம் "ஏபிள்" என்பதே அதன் பிரதிநிதியாய்ச் செல்லும்.

மூன்றாவது, இறந்தகாலத்திலே நேரும் மயக்கம். "கான்" என்பதன் இறந்தகால வடிவு "குட்". "சிறு வயதில் எனக்கு மரம் ஏறத் தெரியும்" என்பதுபோல, முன்னர் நெடுநாள் இருந்த ஆற்றலைக் கூறுமிடத்து இது பொருந்தும். ஒருமுறை நிகழ்ந்த வெற்றியைக் கூறுமிடத்து இது பொருந்தாது. "நேற்றுக் கடல் கொந்தளித்தது, எனினும் அவர்களால் வள்ளத்தைக் கரை சேர்க்க முடிந்தது" என்னுமிடத்து, "வேர் ஏபிள் ரு" என்றோ "மனேஜ்ட் ரு" என்றோ கூறுதலே வழக்கு. ஆற்றல் இருந்தது என்பதும், அவ்வாற்றல் காரியத்திற் பலித்தது என்பதும் ஆங்கிலத்தில் வேறு வேறு செய்திகள். எதிர்மறையில் இவ்வேறுபாடு இல்லை. கரை சேர்க்க முடியவில்லையாயின் "குட் நொற்" என்பது இரண்டுக்கும் பொதுவாக அமையும்.

நான்காவது, ஒலிபற்றியது, கேட்போரை முற்றிலும் மயக்கவல்லது. ஆங்கிலேயர் பேசும்போது வாக்கியத்தின் இடையில் வரும் "கான்" தன் உயிரொலி தேய்ந்து "கன்" என்பதுபோல விரைந்து செல்லும். அதனை அடுத்து வரும் வினையே அழுத்தம் பெறும். எதிர்மறையாகிய "கான்ற்" என்பதோ நீண்டு, அழுத்தத்தோடு ஒலிக்கும். நாமோ உடன்பாட்டை நீட்டி ஒலித்து, எதிர்மறையின் இறுதி மெய்யை விழுங்கிவிடுகின்றோம். இயலும் என்று நாம் கூறியதனை இயலாது என்று அவர்கள் விளங்கிக்கொள்ளுதல் அதனால் நேர்கின்றது. நேர்முகப் பரீட்சையில் இப்பிழையின் விலை சிறிதன்று.

மூன்று பெயர்ச் சொற்கள்

வினையில் ஒன்றாகிவிட்டவை ஆங்கிலத்தின் பெயர்ச் சொற்களிலே மீண்டும் பிரிந்து நிற்கின்றன. "ரலன்ற்", "ஸ்கில்", "அபிலிற்றி" என்னும் மூன்றனையும் நம் மாணவர் "திறமை" என்னும் ஒரே சொல்லால் மனனஞ் செய்கின்றனர். அகராதி அதற்கு இடந்தருகின்றது; வழக்கு இடந்தருவதில்லை. இவற்றின் பிறப்பை அறிந்தோர்க்கு வேறுபாடு எளிதில் விளங்கும்.

"ரலன்ற்" என்பது கிரேக்க மொழியிலே முதலில் தராசையும், பின்னர் ஒரு நிறையையும், அந்நிறையளவான வெள்ளியாகிய பெரும் பணத்தையும் குறித்தது. வடமொழித் "துலா" என்பது அதனோடு ஒரு வேரினது. தராசைக் குறிக்கும் நம் "துலாம்" என்னும் சொல்லும், முன்னாளில் நம் ஊர்க் கிணறுகள்தோறும் ஏறி இறங்கிய துலாவும் அவ்வழி வந்தவை. பணத்தைக் குறித்த இச்சொல் ஆற்றலைக் குறிக்கத் தொடங்கியது விவிலியத்திலுள்ள ஓர் உவமையால். மத்தேயு எழுதிய சுவிசேடத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில், தலைவன் ஒருவன் தூரதேசஞ் செல்லுமுன் ஊழியர் மூவரிடம் முறையே ஐந்தும் இரண்டும் ஒன்றுமாகத் தாலந்துகளை ஒப்புவிக்கின்றான். முதலிருவரும் அவற்றைப் பெருக்குகின்றனர். மூன்றாமவன் தன்னுடையதை மண்ணிற் புதைத்துவைக்கின்றான். இவ்வுவமையைக் கேட்டுப் பழகிய ஐரோப்பியர், இறைவன் மனிதனிடம் ஒப்புவித்த இயற்கை ஆற்றலை அச்சொல்லாலேயே வழங்கலாயினர். ஆகவே "ரலன்ற்" என்பது ஒருவன் ஈட்டியதன்று, அவனிடம் ஒப்புவிக்கப்பட்டது. தமிழில் "வரும்" என்பதற்கு இது நெருங்கியது.

"ஸ்கில்" என்பது பழைய வடபுல ஐரோப்பியர் மொழியிலிருந்து ஆங்கிலத்திற் புகுந்தது. அங்கு அதன் பொருள் பகுத்தறிதல், வேறுபாடு காணுதல் என்பது. நல்ல மரத்தையும் உளுத்த மரத்தையும் பிரித்தறிபவன் தச்சன். சுருதி சேர்ந்ததையும் சேராததையும் பிரித்தறிபவன் இசைவாணன். நம் மொழியிலும் தெரிந்தெடுத்தலைக் குறிக்கும் "தேர்" என்னும் பகுதியிலிருந்தே "தேர்ச்சி" என்னும் சொல் பிறந்திருக்கின்றது. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே கருத்தினின்று ஒரே பொருளை அடைந்தமை வியக்கற்பாலது. எனவே "ஸ்கில்" என்பதனைத் "தேர்ச்சி" எனக் கொள்ளுதல் சாலும். அது பயிற்சியால் ஈட்டப்படுவது. "தெரியும்" என்பதன் பாற்படுவது.

"அபிலிற்றி" என்பதன் மூலம் இலத்தீன். கையிற் பிடித்தற்கு எளியது, கைக்கு இசைந்தது என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து அது பிறந்தது. நாம் "கைகூடியது", "கைவந்தது" என்று கூறுவதனோடு இதனை ஒப்பிடலாம். செய்ய இயலும் நிலையே அதன் பொருள். அந்நிலை பிறவியால் வந்ததா, பயிற்சியால் வந்ததா என்பதனை அச்சொல் கூறாது. ஆகவே மூன்றனுள்ளும் பரந்தது இதுவே. "இயலும்" என்பதற்கு நெருங்கியதும் இதுவே.

இவற்றைத் தொடரில் அமைக்கும் முறையும் வேறு. "அபிலிற்றி" என்பதன் பின் "ரு" என்னும் சொல்லும் வினையும் வரும். "ரலன்ற்" என்பதன் பின் "ஃபோர்" வரும். "ஸ்கில்" என்பதன் பின் "இன்" அல்லது "அற்" வரும். ஒன்றிற் கெட்டிக்காரன் என்று கூறும்போது "நல்ல" எனப் பொருள்படும் "குட்" என்பதன் பின் "அற்" என்பதே வரவேண்டும். "கணக்கில்" என்னும் ஏழாம் வேற்றுமையை உட்கொண்டு அவ்விடத்து "இன்" எனக் கூறுதல் நம்மவர்க்கு இயல்பான வழு. (இந்தக் "குட்" முன்னர்க் கூறிய இறந்தகாலக் "குட்" அன்று. நம் எழுத்து இரண்டையும் ஒன்றாகக் காட்டினும், ஆங்கிலத்தில் முதலொலி வேறு.) ஸ்கில் கற்கப்படும், ஈட்டப்படும், கைவிட்டால் மழுங்கும். ரலன்ற் கற்கப்படுவதன்று; இருக்கும், வளர்க்கப்படும், வீணாக்கப்படும். "நான் மூன்று மாத வகுப்பிலே தட்டெழுத்து ரலன்ற் பெற்றேன்" என்று ஒருவன் எழுதுவானாயின், படிப்போர் நகைப்பர்.

"ஸ்கில்ட்", "ஸ்கில்ஃபுல்" என்னும் இரண்டு அடைகளையும் பிரித்தறிதல் நன்று. முன்னையது பயிற்சி பெற்றவன் என்னும் தகுதியைக் கூறும். பின்னையது செய்த செயலின் நேர்த்தியைக் கூறும். பயிற்சி பெற்ற தொழிலாளர் யாவரும் முன்னையவர். அவருள்ளும் கைநேர்த்தி மிக்கோரே பின்னையவர். இவையன்றிக் கொடை எனப் பொருள்படும் "கிஃப்ற்", ஒன்றனைக் கற்றற்கு இசைந்த இயல்பைக் குறிக்கும் "அப்ரிரியூட்", சிறு தொழில் நுணுக்கத்தைக் குறிக்கும் "நாக்" முதலியனவும் உள. முதன் மூன்றனையும் தெளிந்தவர்க்கு இவை தாமே விளங்கும்.

தன்னைப் புகழ்தலும் தன்னை உரைத்தலும்

சொற்களை அறிந்த பின்னும் நம் இளைஞர் நாவெழாது நிற்றற்குப் பிறிதொரு காரணம் உண்டு. அது இலக்கணத்தைச் சார்ந்ததன்று, ஒழுக்கத்தைச் சார்ந்தது. தற்புகழ்ச்சி தவறு என்று நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்துள்ளோம். ஆதலின், "உமக்கு என்ன தெரியும்?" என்று பெரியோர் வினவினால், "ஏதோ கொஞ்சந் தெரியும்" என்று தாழ்ந்து கூறுதலே நம்மிடையே பண்பு. கேட்பவரும் நம்மவராதலின், அக்"கொஞ்சம்" எவ்வளவு என்பதனை அவர் உய்த்துணர்ந்துகொள்வர்.

நேர்முகப் பரீட்சையொன்றிலே அமர்ந்திருந்த நண்பரொருவர் கூறிய நிகழ்ச்சி இங்கு நினைவுக்கு வருகின்றது. இயந்திரம் பற்றிய உத்தியோகம் ஒன்றுக்கு வந்த இளைஞன் ஒருவனிடம், அவனுக்கு என்ன செய்ய இயலும் என்று ஆங்கிலத்தில் வினவினர். நெடுநேரம் தயங்கிய அவன், "எ லிற்றில், சேர்" என்றான். அவ்விரண்டு சொற்களையே அங்கிருந்தோர் அளவுகோலாகக் கொண்டனர். தன் ஊரிலே பழுதுற்ற நீரிறைக்கும் பொறிகளையெல்லாம் தனியே கழற்றிப் பூட்டித் திருத்தி வந்தவன் அவன் என்பது, வேறொருவனைத் தெரிந்தெடுத்த பின்னரே நண்பருக்குத் தெரியவந்தது. அவன் பொய் கூறினானில்லை. தமிழிலே பணிவாக அமையும் விடையை ஆங்கிலச் சொற்களாற் கூறினான். அது அங்கே பணிவாகாது, வாக்குமூலமாயிற்று.

ஆயின், தன் ஆற்றலைத் தானே கூறுதல் எவ்விடத்தும் குற்றம் என்பதா நம் முன்னோர் கொள்கை? அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே, எத்துணைப் பெரிய நூல்களைச் செய்து முடித்தவனாயினும் தன்னைத் தான் புகழ்தல் தகாது என்று முதலில் விதிக்கின்றார். அடுத்த சூத்திரத்தில் அதற்கு விலக்காக நான்கு இடங்களை வகுக்கின்றார். அரசனது அவைக்கு ஓலை எழுதிப் போக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடத்தும், அவையிலே வாதித்து வெல்லவேண்டிய பொழுதிலும், மாற்றான் தன்னைப் பழித்த காலத்தும் புலவன் தன்னைப் புகழ்தல் தகும் என்பது அவர் கருத்து.

இவற்றுள் முதலிரண்டையும் இக்காலத்தோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். அரசவைக்கு விடுத்த ஓலையின் இடத்தில் இன்று இருப்பது உத்தியோகத்துக்கு எழுதும் விண்ணப்பம். ஆற்றலை அறியாதார் எனப்படுவோர் நேர்முகப் பரீட்சையில் எதிரே அமர்ந்திருப்போர். ஆதலின், அவ்விடங்களில் உள்ளதை உள்ளவாறு உரைப்பவன் நம் மரபைக் கைவிட்டவனல்லன். மரபு இடந்தந்தவிடத்தே பேசுபவன்.

எவ்வாறு உரைப்பது? தன்னைப் பற்றிய அடைமொழிகளை அடுக்குதல் வேண்டியதில்லை. "நான் மிகுந்த திறமைசாலி" என்னும் வாக்கியம் எம்மொழியிலும் நம்பத்தக்கதன்று. செய்ததைக் கூறுதலே சிறந்தது. "மூன்றாண்டுகளாக நீரிறைக்கும் பொறிகளைத் திருத்தி வருகின்றேன், அவற்றை முற்றாகக் கழற்றிப் பூட்ட எனக்கு இயலும்" என்னும் கருத்தை எளிய இரண்டு ஆங்கில வாக்கியங்களில் அமைத்தால் அதுவே போதும். அங்கே புகழ்ச்சியும் இல்லை; பொய்ப் பணிவும் இல்லை. அளவைக் காட்டுதற்கும் ஆங்கிலத்திற் படிகள் உள. "வெரி வெல்" என்பது மிக நன்றாக. "குவைற் வெல்" என்பது ஓரளவு நன்றாக. "எ லிற்றில்" என்பது உண்மையாகவே சிறிது. ஆங்கிலேயரும் தம்மைத் தாழ்த்திக் கூறுவதுண்டு. "நொற் பாட் அற்" என்று ஒருவர் தம்மைக் குறித்துக் கூறின், மோசமில்லை என்பதன்று கருத்து; நன்றாகவே செய்வேன் என்பதே கருத்து. அவரவர் பணிவு அவரவர் மொழியின் அளவுகோலால் அளக்கற்பாலது.

ஆங்கிலம் வருவதா, தெரிவதா?

இனி, நாம் தொடக்கத்திற் கண்ட மாணவனிடம் மீள்வாம். "எனக்கு இங்கிலிஷ் வராது" என்றான் அவன். மொழியானது பாட்டைப் போலத் தானே வருவதொன்று, தன்னிடம் வரவில்லை என்பது அவன் முடிபு. மொழியை அவன் "ரலன்ற்" எனக் கொண்டான். "ஸ்கில்" எனக் கொண்டானில்லை.

நம் முன்னோர் இதனை ஆராயாது விட்டாரல்லர். ஔவையார் பெயரால் வழங்கும் தனி வெண்பா ஒன்று ஓவியம் வரைதலையும் செந்தமிழ் பேசுதலையும் பயிற்சியின்பாற் படுத்தி, நட்பு, இரக்கம், ஈகை முதலியவற்றையே பிறவியின்பாற் படுத்துகின்றது. தாய்மொழியைச் செம்மையாகப் பேசுதலே பழக்கத்தால் வருவதாயின், பிறமொழியைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை. வடமொழியில் அணிநூல் செய்த தண்டியாசிரியர் கவித்துவத்துக்குக் காரணமாக இயற்கையறிவு, பரந்த கேள்வி, தளராத பயிற்சி என்னும் மூன்றனைக் கூறினார். கூறியதனோடு அமையாது, முதலாவது இல்லாதவனும் ஏனைய இரண்டினால் வழிபடின் வாக்குத் தேவி அவனுக்கு ஓரளவேனும் அருள்புரிவாள் எனவும் அறுதியிட்டார். கவி பாடுதற்கே இவ்வாறாயின், கடிதம் எழுதுதற்கும் கேட்டதற்கு விடை சொல்லுதற்கும் பிறவிப் பேறு வேண்டும் என்பது எவ்வாறு பொருந்தும்?

மேனாட்டு ஆய்வும் இதற்கு மாறாக இல்லை. அமெரிக்க உளவியலறிஞர் ஜோன் கரோல், ஸ்ரான்லி சப்பொன் என்பவரோடு சேர்ந்து, பிறமொழி கற்கும் இயல்பை அளக்கும் பரீட்சையொன்றை 1959ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒலிகளைப் பிரித்தறிந்து நினைவிற் கொள்ளல், வாக்கியத்திலே சொற்களின் தொழிலை உணர்தல், சொற்களை மனனஞ் செய்தல், உதாரணங்களிலிருந்து விதியை உய்த்துணர்தல் என்னும் நான்கையும் அவ்வியல்பின் கூறுகளாக அவர் கண்டார். இவை எல்லாரிடத்தும் ஒரே அளவில் அமைவதில்லை. அதனை மறைத்துப் பயனில்லை. ஆயின் 1963ஆம் ஆண்டில் அவரே வெளியிட்ட கட்டுரையில், இயல்பு என்பது ஒன்றனைக் கற்றற்கு ஒருவனுக்கு வேண்டப்படும் கால அளவே என வரையறுத்தார். இவ்வரையறை ஆழ்ந்து நோக்கற்பாலது. இயல்பு மிக்கவன் விரைவில் அடைவான். குறைந்தவன் தாழ்த்து அடைவான். பாதையின் நீளத்திலன்றி, ஊரிலே வேறுபாடில்லை.

இதற்குச் சான்றாக ஒருவரைக் கூறலாம். 1857ஆம் ஆண்டிற் பிறந்த போலந்து நாட்டவராகிய ஜோசப் கொன்ராட், ஏறத்தாழ இருபதாவது வயதிலே, கப்பற்றொழிலாளியாய், ஆங்கிலங் கற்கத் தொடங்கினார். 1895ஆம் ஆண்டில் அவரது முதல் நாவல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அம்மொழியின் பெருநாவலாசிரியர் வரிசையிலே இன்று அவர் வைத்து எண்ணப்படுகின்றார். எனினும் அவரது பேச்சிலே போலந்து ஒலி இறுதிவரை நீங்கவில்லை. உச்சரிப்புப் பிறர் போலாகாமை மொழி கைவராமைக்கு அடையாளம் என எண்ணி நாணுவோர் இதனைச் சிந்திப்பாராக. நம் நாட்டிலே, காரைதீவில் 1892ஆம் ஆண்டிற் பிறந்த விபுலாநந்த அடிகள், விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்றவர். சேக்சுபியரின் நாடகங்களை ஆராய்ந்து மதங்கசூளாமணி என்னும் நூலைத் தமிழில் ஆக்கினார். அப்புலவரைச் "செகசிற்பியார்" எனத் தமிழ்ப்படுத்தி வழங்கினார். ஆங்கிலம் அவரைத் தமிழினின்று பிரிக்கவில்லை. அவர் தமிழுக்குச் செய்த பணிக்கு அது கருவியாயிற்று.

மொழித் தேர்ச்சியை அளக்கும் முறையும் இக்கருத்தை நோக்கியே நகர்ந்துள்ளது. ஐரோப்பிய அவை 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட மொழிச் சட்டகம் கற்போரை ஆறு படிகளில் வைக்கின்றது. ஒவ்வொரு படியையும் அது விளக்கும் முறை கவனிக்கத்தக்கது. எத்தனை புள்ளி பெற்றான் என்று அது கேட்பதில்லை. என்ன செய்ய இயலும் என்றே கேட்கின்றது. தன்னைப் பிறருக்கு அறிமுகஞ் செய்ய இயலும், பழகிய விடயம் பற்றி எளிய கடிதம் எழுத இயலும் என இவ்வாறு "கான்" என்னும் துணைவினையைக் கொண்டே அப்படிகள் அமைகின்றன. முதற்படியில் நிற்பவனுக்கும் அங்கே "இயலும்" என்னும் சொல் உண்டு. ஒன்றும் இயலாதவன் என்று எவனையும் அது ஒதுக்கவில்லை.

முடிவுரை

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். மாணவரின் முன்னேற்ற அறிக்கையில் "திறமை போதாது" என்று எழுதும் முன், எத்திறமை என்பதனைச் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று. "வாசிக்கத் தெரியும், கேட்டு எழுதுதலிற் பயிற்சி வேண்டும்" என்று எழுதினால் அவனுக்கு ஒரு வழி தெரியும். "போதாது" என்னும் சொல்லோ தெரிந்த வழியையும் அடைத்துவிடும்.

மாணவர்க்கும் ஒன்று கூறுவாம். இன்று மாலையே ஒரு தாளை எடுத்து, தமக்கு ஆங்கிலத்திற் செய்ய இயன்றவற்றை "ஐ கான்" எனத் தொடங்கும் பத்து வாக்கியங்களாக எழுதுக. பெயரையும் ஊரையும் சொல்ல இயலும் என்பதும் அதில் ஒன்றாகலாம், அதற்கு நாணவேண்டியதில்லை. அதன் கீழே, இப்பொழுது இயலாதவை ஐந்தனை எழுதி, ஒவ்வொன்றின் முன்னும் "இன்னும்" என்னும் சொல்லைச் சேர்த்துவைக்க. மூன்று திங்கள் கழித்து அத்தாளை மீண்டும் நோக்கின், கீழிருந்தவற்றுள் ஒன்றிரண்டு மேலேறியிருக்கக் காண்பர்.

"எனக்கு இங்கிலிஷ் வராது" என்பவனிடம் நாம் கூறவேண்டியது இதுவே: அது தானே வருவதன்று, நாம் சென்று கற்பது. இன்று தெரியாதாயின் "தெரியாது" என்று கூறுக, அதில் இழுக்கில்லை. தெரியாதது தெரிந்துகொள்ளப்படும். "வராது" என்னும் சொல்லை மட்டும் விட்டொழிக்க. நம் ஊர்க் கிணற்றிலே நீர் தானாக மேலே வந்ததில்லை. துலா மிதித்தோர்க்கே வந்தது.